ஒரு நம்பருக்கு ஒரு ஆள்

அன்புச்செல்வியிடம் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் திண்டிவனம் என்பாள். திண்டிவனத்தில் எங்கே என்று தோண்டினால் டவுன்தான் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். திண்டிவனம் டவுனில் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது பஸ் ஸ்டாண்டும் ரயில்வே ஸ்டேஷனும் ஒரு ஜெராக்ஸ் கடையும்தான். வீடு பெருமுக்கல் மலைக்குப் பின்பக்கம், காலனியில், மரக்காணம் ரோட்டில் இறங்கி இருபது நிமிடம் நடக்கிற தூரத்தில். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று நீங்களும் நானும் கேட்கலாம். கேட்பது சுலபம். ஏழு பேர் உட்காரும் ஒரு ஏசி ரூமில், மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் 'நீங்க எந்தத் தெரு, அங்க யாரைத் தெரியும்' என்று சுற்றி வளைத்து விசாரிக்கிற ஆட்களுக்கு நடுவில் மூன்று வருடம் சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த ஏசி ரூம் விழுப்புரத்தில், புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் இருக்கிறது. முதலாளி சீனுவாசன். பள்ளிக்கூடம், கிளினிக், செங்கல் சூளை என்று யார் வந்து கேட்டாலும் சாஃப்ட்வேர் செய்து கொடுப்பார்கள். அதில் டேட்டாபேஸ் முழுக்க அன்புச்செல்வி பொறுப்பு. வந்தவர்கள் தங்கள் இடத்தில் வேலை எப்படி நடக்கிறது, எது கூடும், எது கூடாது என்று சொல்வார்கள். அந்த விதிகளைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதற்குத் தகுந்த மாதிரி வரியும் கட்டமுமாக அவள் டேபிள்களைக் கட்டுவாள். ஒரு பிள்ளை ஒரு வகுப்பில்தான் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னால், பிள்ளையின் வரியில் வகுப்புக்கு ஒரே ஒரு கட்டம். ஒரு நோயாளி இரண்டு டாக்டரைப் பார்ப்பார் என்று கிளினிக்கில் சொன்னால், அதற்குத் தனியாக இன்னொரு டேபிள். விதி எப்படியோ வீடு அப்படி. சீனுவாசன் இதை அவர் பாணியில் சொல்வார்: "கஸ்டமரு சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் ஒரு பூட்டும்மா. எங்க பூட்டணும்னு கேட்டுக்கினு பூட்டு."

அவள் வெறுமனே பூட்டுகிற ஆளும் இல்லை. ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் வந்து, ஒரு தேதிக்கு ஒரு பார்ட்டிதான் என்று அடித்துச் சொன்னபோது, காலையில் ஒருத்தர் வீட்டுக் கல்யாணமும் சாயங்காலம் இன்னொருத்தர் வீட்டு ரிசப்ஷனும் நடப்பதில்லையா என்று கேட்டவள் அவள். மனிதர் திகைத்துப்போய், ஆமாம், போன வாரம்கூட நடந்தது என்றார். சீனுவாசன் இதை ஒரு வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கத் தெரிந்தவள் என்று அவளுக்குப் பேர். ஆகவே அந்தத் தை மாதம் அவள் வாயை மூடிக்கொண்டது தெரியாத்தனத்தால் இல்லை. அதுதான் கொடுமை.

அதற்கு முன் செண்பகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். செண்பகம் அன்புச்செல்வியின் அண்ணி, அண்ணன் தென்னரசின் மனைவி. தங்கச்சியைப் படிக்க வைத்தது தென்னரசு என்று ஊரில் சொல்வார்கள். அவன் சென்னையில் சென்ட்ரிங் வேலை செய்து ஃபீஸ் கட்டினான், பொய்யில்லை. ஆனால் கொரோனா வந்து காலேஜை மூடி, பாடமெல்லாம் போனுக்குள் போன வருடத்தில் அவளைக் கரையேற்றியது அண்ணிதான். வீட்டில் ஐந்து பேர், ஒரே ஒரு டச் போன். காலனிக்குள் நெட் சிக்னலும் கிடையாது. காலை எட்டரைக்கு நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஒரு பாறைக்கு ஏறுவாள் செண்பகம். வகுப்பு முடியும்வரை பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். களை எடுக்கவும் நடவுக்கும் ஆள் கூப்பிடுகிறவர்கள் அதே போனுக்குத்தான் அடிப்பார்கள். வகுப்பு நடக்கும்போது எப்படி எடுப்பது? அந்த வருடம் அவளுக்கு எத்தனை நாள் வேலை தவறியது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. அவளும் சொன்னதில்லை.

செண்பகத்துக்குத் தையல் வரும். மகளிர் குழுவில் மூன்று மாதம் சொல்லிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு, காலனியில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்தாள். பக்கத்து வீட்டுப் பூமாலைக்கு மிஷினை மிதிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். திண்டிவனம் பக்கத்தில் ஷூ கம்பெனி ஒன்று வரப்போகிறது, தையலுக்கு ஐந்நூறு பொம்பளைகளை நிரந்தரமாக எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. வெயிலில் குனிந்து குனிந்தே முதுகு விட்டுப்போன ஒருத்திக்கு, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற வேலை. வாசல்வரை இல்லாவிட்டாலும் மெயின் ரோடுவரை கம்பெனி பஸ் வரும். பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு, கழுத்தில் போட்டோ போட்ட கார்டு உண்டு. ஒரே ஒரு கண்டிஷன்: முப்பத்தைந்து வயது முடிந்துவிட்டால் நிரந்தரத்துக்கு எடுக்க மாட்டார்கள். ஆதார் கார்டுப்படி அக்டோபர் முதல் தேதி வந்தால் செண்பகத்துக்கு முப்பத்தைந்து முடிகிறது. அந்த வருடம் விட்டால் இனி எப்போதும் இல்லை.

அந்தக் கம்பெனி ஆள் எடுக்கும் பதிவுக்கு சாஃப்ட்வேர் வேண்டும் என்று வந்தது சீனுவாசனிடம்தான். கம்பெனியின் பணியாளர் அதிகாரி தமிழ்மணி, தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், நேரானவர். விதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு விழுப்புரம் வந்தார். இதற்கு முன் அவர் வேலை பார்த்த இடத்தில் புரோக்கர்கள் தொல்லையாம். ஒரு புரோக்கர் தன் செல் நம்பரையே நாற்பது பேருக்குக் கொடுத்துவிடுவான். வேலை வந்தால் தகவல் அவனுக்கு வரும், அவன் யாரிடம் கைநீட்டிக் காசு வாங்குகிறானோ அவர்களை மட்டும் அனுப்புவான். ஆகவே இங்கே முதல் விதியே அதுதான். ஒரு நம்பருக்கு ஒரு ஆள். ஒரு முறை பதிவான நம்பர் இன்னொருத்தர் பெயரில் ஏறக் கூடாது. நல்ல எண்ணத்தில் போட்ட விதி, குற்றம் சொல்ல முடியாது.

சொல்லிவிட்டு அவர் தாளிலிருந்து நிமிர்ந்தார். சீனுவாசன் முதலிலேயே, இவங்க திண்டிவனம்தான் சார் என்று அன்புச்செல்வியை அறிமுகப்படுத்தியிருந்தார். அதனால் அவளைப் பார்த்தே கேட்டார்.

"எனக்கு இந்தப் பக்கம் புதுசும்மா. கிராமத்துல ஒரு போனை ரெண்டு மூணு பேர் வச்சிருப்பாங்களா? இந்த விதியால யாருக்காவது கஷ்டம் வருமா?"

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. எங்க வீட்டுலயே அப்படித்தான் சார். அண்ணன் டச் போனை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டான். அதே பழைய சிம்மைப் போட்டு வீட்டில் கிடக்கிற பட்டன் போன் ஒன்றுதான் அம்மாவுக்கு, அண்ணிக்கு, பக்கத்து வீட்டுப் பூமாலைக்கு, எல்லோருக்கும் நம்பர். இதைச் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அடுத்த கேள்வி என்ன? உங்க வீடு எங்கம்மா? சீனுவாசன் பக்கத்தில் இருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மற்ற ஐந்து பேரும் இருந்தார்கள்.

"இப்ப எல்லார் கையிலயும் ஒண்ணு இருக்குது சார். பிரச்சினை வராது" என்றாள்.

வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? கல்யாண மண்டபத்துக்காரரை மடக்கத் தெரிந்தவளுக்கு இதைச் சொல்ல முடியவில்லை. அவர் சரி என்று தாளில் ஒரு டிக் போட்டார்.

ஒரு விதி உறுதியாகிவிட்டால் மற்றதெல்லாம் அதன் மேல்தான் எழும்பும். நம்பர்தான் ஆள் என்று ஆகிவிட்டதால், அவள் தொழிலாளர் டேபிளில் செல் நம்பரை இரண்டாம் முறை ஏறாதபடி பூட்டினாள். நம்பர்தான் ஆள் என்பதால், நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடும் எஸ்.எம்.எஸ்.ஸில் பெயர் போடத் தேவையில்லை என்று பதிவு எண்ணை மட்டும் போட்டாள். யாருக்கு வருகிறதோ அவர்தானே அந்த ஆள்? எழுத்து மிச்சம். மூன்று முறை கூப்பிட்டும் வராதவர்களின் பெயர் தானாகப் பட்டியலிலிருந்து விலகிவிடும் என்பது தமிழ்மணியின் இன்னொரு விதி. அதையும் எழுதினாள். வயதுக்கும் ஒரு பூட்டு. எல்லாம் கச்சிதமாக இருந்தது. சீனுவாசன் முதுகில் தட்டாத குறை.

இரண்டு மாதம் சோதித்துப் பார்த்தாள். எஸ்.எம்.எஸ். ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கத் தன் நம்பரையே கொடுத்து வைத்திருந்தாள். ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது என்று கம்பெனி பெயரில் வந்து விழுந்தது. பேஜாராகிப் போய், அந்தப் பெயரில் எது வந்தாலும் சத்தம் வராதபடி போனில் அமுக்கி வைத்தாள். சித்திரையில் உண்மையான பதிவு ஆரம்பிக்கும் முன் சோதனை வரிகளையெல்லாம் அழித்தாள். அவள் நம்பரும் டேபிளிலிருந்து போயிற்று. போனில் அமுக்கியதை மட்டும் எடுக்கவில்லை. அதை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

வீட்டில் விஷயம் தெரிந்ததும் செண்பகத்துக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம அன்பு செய்த கம்ப்யூட்டரிலா நம்ம பேரு ஏறப்போகிறது என்று சிரித்தாள். அன்புச்செல்வி சிரிக்கவில்லை. அங்கே போய்ச் சொந்தம் என்று காட்டிக்கொண்டால் பெருமுக்கல் காலனி என்பது தமிழ்மணி வழியாகச் சீனுவாசன் காதுக்கு வர எத்தனை நேரமாகும்? அதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது? வேறு காரணம் சொன்னாள்.

"அண்ணி, அங்க யாராண்டயும் நான் ஒங்களுக்குச் சொந்தம்னு சொல்லிடாதீங்க. சிபாரிசுன்னு நெனைச்சுக்குவாங்க. எனக்குத்தான் பேஜாரா பூடும்."

செண்பகம் அவள் முகத்தைப் பார்த்து, சரி கண்ணு என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

இனி நடந்ததை மறைத்து வைத்து உங்களைச் சோதிக்க எனக்கு இஷ்டமில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். பதிவு ஆரம்பித்த நாள் செண்பகம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போயிருந்தாள். ஒத்துக்கொண்ட வேலையை விட முடியாது. பூமாலை மட்டும் போனாள். நம்பர் கேட்டார்கள். பத்து வருடமாகத் தன் நம்பர் என்று சொல்லிப் பழகிய செண்பகம் வீட்டுப் பட்டன் போன் நம்பரைக் கொடுத்தாள். பத்து நாள் கழித்துச் செண்பகம் போய் அதே நம்பரைச் சொன்னபோது, கம்ப்யூட்டர் முடியாது என்றது. வேற நம்பர் இருந்தா குடுங்க, இல்லன்னா பதிய முடியாது என்றாள் பதிவு மேஜையில் இருந்த பெண். பின்னால் நூறு பேர் வரிசையில். தென்னரசு மாற்றி மாற்றி சிம் போடுகிறவன், அவனுடைய இப்போதைய நம்பர் அவளுக்கு மனப்பாடமில்லை. செண்பகத்துக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் இன்னொன்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னாள். அன்புச்செல்வியின் நம்பர். அழித்துச் சுத்தமாக வைத்திருந்த நம்பர், தடையில்லாமல் ஏறிக்கொண்டது. பதிவு எண் நானூற்றுப் பதினேழு.

கொடுத்ததை நாத்தனாரிடம் சொன்னாளா? சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குக் கடைசியில் வருகிறேன். சேதி வந்தால் அன்பு சொல்லாமலா இருப்பாள் என்று இருந்துவிட்டாள்.

வைகாசிக் கடைசியில் பூமாலைக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. வீட்டுப் பட்டன் போனில் அதைப் பார்த்து, எழுத்துக்கூட்டிப் படித்து, வேலியைத் தாண்டி ஓடிப்போய்ப் பூமாலையிடம் சொன்னது செண்பகமே. பூமாலை ஆனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அதே ஆனியில் அன்புச்செல்வியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பதிவு எண் 417, தையல் பிரிவு நேர்முகத் தேர்வு, காலை ஒன்பது மணிக்கு அசல் ஆவணங்களுடன் வரவும். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் கிடந்தது. வேறெதையோ தேடும்போது கண்ணில் பட்டும் இருக்கிறது. சோதனை மெசேஜ் இன்னும் போய்க்கொண்டிருக்கிறதா, ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மேலே தள்ளிவிட்டாள். ஆடியில் இரண்டாவது. ஆவணியில் மூன்றாவது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி என்று நின்று நின்று வரும் பாசஞ்சரில் திண்டிவனம் வந்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வருவாள். செண்பகம் டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். எதையோ எதிர்பார்க்கிற மாதிரி முகத்தைப் பார்ப்பாள். அன்புச்செல்வி ஆபீஸ் கதை, ஹாஸ்டல் சாப்பாடு என்று பேசுவாளே ஒழிய, கம்பெனியில் கூப்பிட்டார்களா அண்ணி என்று ஒரு தரமும் கேட்டதில்லை. கேட்டால், நீ ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன் என்று அண்ணி சொல்லிவிடுவாளோ என்று பயம். அந்தப் பயத்தில் ஆறு மாதம் ஓடியது. அண்ணி கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. அக்டோபர் முதல் தேதி ஒரு புதன்கிழமை. அன்றைக்கு விழுப்புரத்தில் நல்ல மழை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூமாலை வந்து உட்கார்ந்தாள். லீவு நாளிலும் கார்டு கழுத்தில் இருந்தது. செண்பகம் தண்ணீருக்குப் போயிருந்த நேரம். குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆபீஸில் விசாரித்துவிட்டு வந்ததைச் சொன்னாள்.

"அக்கா பேரு லிஸ்ட்லயே இல்லியாம் அன்பு. மூணு வாட்டி கூப்ட்டும் வரலன்னு எடுத்துட்டாங்களாம். அக்கா வூட்லதான கெடக்குது. எந்தப் போனுக்கு இன்னா வந்துச்சாம்?"

அன்புச்செல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை. கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு, திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறேன் என்றாள். கோளாறு என்றால் சரி செய்துவிடலாம் என்கிற தைரியம் அவளுக்கு.

திங்கட்கிழமை காலை பேக்கைக்கூட வைக்காமல் கம்பெனி டேபிளைத் திறந்து செண்பகம் என்று தேடினாள். மூன்று செண்பகம் வந்தார்கள். மூன்றாவது வரி: செண்பகம், கணவர் தென்னரசு, பெருமுக்கல். நிலை: விலக்கப்பட்டவர். அதற்குப் பக்கத்தில் செல் நம்பர். படித்தாள். இன்னொரு தரம் ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். பிறகு போனை எடுத்து, அமுக்கி வைத்திருந்த செய்திகளுக்குள் போனாள். மூன்றும் இருந்தன. ஆனி, ஆடி, ஆவணி. கோளாறு எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் அவள் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் செய்திருந்தது.

முதலில் தோன்றியது என்ன தெரியுமா? மாற்றிவிடலாம் என்றுதான். ஒரே ஒரு வரி கட்டளை. விலக்கப்பட்டவர் என்பதைக் காத்திருப்பவர் என்று ஆக்கிப் பார்த்தாள். வயது வரம்பு முடிந்தது என்று திருப்பி அடித்தது. அந்தப் பூட்டும் அவள் போட்டதுதான். பிறந்த தேதியில் வருடத்தை ஒன்று கூட்டிவிட்டால் போதும். விரல் அந்தக் கட்டம்வரைக்கும் போயிற்று. ஆதார் நகலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அண்ணியை, கள்ளத்தனம் பண்ணினாயா என்று யாராவது கேட்டால் அவள் என்ன சொல்வாள்? தான் செய்த அசிங்கத்துக்கு அவளை நிறுத்துவதா? கையை எடுத்துக்கொண்டாள்.

சீனுவாசனிடம் போய், திண்டிவனம் கம்பெனிக்கு ஒரு முறை நேரில் போக வேண்டும் என்றாள். அவர் ஏன் என்று கேட்டார். அண்ணி விஷயம் என்றாள். உங்க அண்ணி எப்படிம்மா அந்த லிஸ்டில் என்று கேட்டார். சொன்னாள். பெருமுக்கல் என்றாள், காலனி என்றாள். அவர், ஓ என்று மட்டும் சொல்லிவிட்டு, ஜல்தியா போய்ட்டு வா என்றார். இவ்வளவுதான். மூன்று வருடம் கட்டிக் காத்தது ஒரு 'ஓ'வில் முடிந்துவிட்டது. இதற்காகவா என்று பஸ்ஸில் உட்கார்ந்து நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

தமிழ்மணி அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். தைமாதம் சொல்லாமல் விட்டதை அவள் இப்போது சொன்னாள். எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரு போன்தான் சார், அன்னிக்கே எனக்குத் தெரியும் என்றாள். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

"அன்னிக்கு நான் உங்களைத்தானேம்மா கேட்டேன்" என்றார்.

பிறகு அவர், இப்படி இன்னும் எத்தனை பேர் என்று கேட்டார். நம்பர் ஏற்கெனவே இருக்கிறது என்று எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறது என்பது கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். அங்கேயே உட்கார்ந்து எடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு முறை. அதில் வேறு நம்பர் கொண்டுவந்து திரும்பச் சேர்ந்தவர்கள் பாதிக்கும் குறைவு. மற்றவர்கள் வரிசையை விட்டு வெளியே போனதோடு சரி. அவர்கள் பெயர்கூட எங்கும் இல்லை. யார் என்று தேடுவதற்கு வழியே இல்லை.

விதியை மாற்றினார்கள். அவள் நம்பர்களைத் தனி டேபிளுக்கு எடுத்துப்போனாள். ஒரு நம்பருக்குப் பல ஆள், ஒரு ஆளுக்குப் பல நம்பர் என்று கட்டினாள். ஐந்து பேருக்குமேல் ஒரே நம்பர் வந்தால் புரோக்கரா என்று விசாரிக்க ஒரு குறி. எஸ்.எம்.எஸ்.ஸில் பெயர் வந்தது. யாருடைய நம்பர், என்ன உறவு என்று ஒரு கட்டமும் வந்தது. மூன்றே நாள் வேலை. தைமாதமே செய்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். செண்பகத்துக்காகத் தமிழ்மணி தலைமை ஆபீஸுக்கு எழுதிப் பார்த்தார். வயது விஷயத்தில் ஒருத்தருக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டும் என்று பதில் வந்தது. தோல் துண்டு பொறுக்கிக் கூட்டுகிற தினக்கூலி வேலை வேண்டுமானால் இருக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். மார்கழி பிறந்திருந்தது. செண்பகம் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். உடைத்த அளவுக்குத்தான் கூலி. கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது. டீ போட எழுந்தவளை உட்கார வைத்து, அன்புச்செல்வி ஆரம்பத்திலிருந்து சொன்னாள். தமிழ்மணி கேட்டதை, தான் சொன்ன பதிலை, போனில் அமுக்கி வைத்ததை, எதையும் விடவில்லை. ஊரை மறைத்ததையும் சொன்னாள். செண்பகத்தின் கை மல்லாட்டையை உடைத்துக்கொண்டே இருந்தது. எல்லாம் முடிந்ததும் நிறுத்தினாள்.

"மூணு வாட்டியுமா கூப்ட்டாங்க?"

"மூணு வாட்டியும் அண்ணி."

"தையலுக்கா?"

"தையலுக்குத்தான்."

செண்பகம் தலையாட்டினாள். திட்டுவாள், அழுவாள், எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று எதற்கும் தயாராக வந்திருந்தாள் அன்புச்செல்வி. அண்ணி அடுத்த மல்லாட்டையை எடுத்தாள். நம்பரைக் கொடுத்ததை ஏன் அண்ணி என்கிட்ட சொல்லவில்லை என்று அவளே கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

"எப்படிச் சொல்றது? ஒன்னாண்ட கேக்காம ஒன் நம்பர குடுத்துட்டேன். நீ கோவிச்சுக்குவன்னு இருந்துட்டேன்" என்றாள் செண்பகம். பிறகு முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா நீ சொன்ன மாதிரிதான் கண்ணு நடந்துக்கினேன். அந்தப் பொண்ணு கேட்டுச்சு, இது யாரு நம்பரு, ஒங்களுக்கு இன்னா ஒறவுன்னு. ஒறவு ஒண்ணும் இல்லம்மா, தெரிஞ்ச பொண்ணு, விழுப்புரத்துல இருக்குதுன்னு சொல்லிட்டேன்."

அன்புச்செல்வி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். செண்பகம் அவளை அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. முறத்தில் மிச்சமிருந்ததை உடைத்து முடித்து, மேல்தோடான தொப்பியைத் தனியாகப் புடைத்து எடுத்துவிட்டு, டீ போட உள்ளே போனாள்.